முப்பது பேருக்கு ஐஸ் டீ போடணும்னா மொதல்ல ஐஸை எண்ணுங்க

போன இதழ்ல வெயில் காலத்துக்கு என்ன குடிக்கலாம்னு எழுதினப்ப கடைசியா ரெண்டே வரி, பாலில்லாத டீயை ஆற வெச்சு எலுமிச்சை புழிஞ்சு ஐஸ் போட்டு குடிங்கன்னு சொல்லியிருந்தேன். அந்த ரெண்டு வரிக்கு இவ்ளோ கேள்வி வரும்னு நெனைக்கல. அதனால இந்த தடவை பகுதி முழுக்க ஐஸ் டீதான். விருந்தாளிங்க வரப்ப மொத்தமா போடுறது எப்படின்னுதான் பாதிப்பேர் கேட்டிருக்கீங்க, அதுலேருந்தே ஆரம்பிக்கிறேன்.

அக்கா, மே மாசக் கடைசில பொண்ணுக்கு வளைகாப்பு வெச்சிருக்கோம். முப்பது பேர் வருவாங்க. அந்த வெயில்ல காபி குடுத்தா யாரும் குடிக்க மாட்டாங்க, கலர் வாங்கி ஊத்திக் குடுக்க எனக்கு மனசு வரல. ஐஸ் டீ போடலாம்னு இருக்கேன். எவ்ளோ டீத்தூள், எவ்ளோ சர்க்கரை? வீட்ல இருக்கறது சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ்தான்.
– ஒரு வாசகி, அம்பத்தூர்

வளைகாப்பு நல்லபடியா நடக்கட்டும்மா. நீங்க டீத்தூளையும் சர்க்கரையையும் கேட்டிருக்கீங்க, ஆனா ஐஸைக் கேக்கல. ஐஸ் டீல ஆள் கவுக்கறது எப்பவும் ஐஸ்தான். ரெண்டு வருஷம் முன்னாடி எங்க தங்கச்சி வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு நான்தான் போட்டேன், டீ அருமையா வந்துச்சு, கலர் கண்ணாடி மாதிரி, ஆனா பதினோரு மணிக்கே ஐஸ் தீந்து போச்சு. அப்புறம் வந்த பதினஞ்சு பேருக்கு வெதுவெதுன்னு இனிப்புத் தண்ணி மாதிரிதான் குடுக்க முடிஞ்சுது, மூஞ்சி சுளிக்காம குடிச்சாங்க பாவம். அன்னிலேருந்து நான் ஐஸ் கணக்குப் போடாம டீத்தூள் டப்பாவையே தொறக்கறதில்ல.

கணக்கு ஒண்ணும் பெருசில்ல. ஒரு கிராம் ஐஸ் உருகணும்னா 80 கலோரி சூட்டை இழுத்துக்கும், ஸ்கூல்ல படிச்சதுதான். அப்ப அடுப்புலேருந்து எறக்கின சூட்டோட, ஒரு 90 டிகிரில இருக்கற ஒரு லிட்டர் டீயை ஐஸ் போட்டே 5 டிகிரிக்கு கொண்டு வரணும்னா கிட்டத்தட்ட ஒரு கிலோ ஐஸ் வேணும். அதே ஒரு லிட்டரை அப்படியே ஆற விட்டு, ரூம் சூட்டுக்கு 30 டிகிரிக்கு வந்தப்புறம் ஐஸ் போட்டா 300 கிராம் போதும். ஃப்ரிட்ஜ்ல வெச்சு நல்லா ஜில்லுன்னு ஆக்கிட்டு போட்டா ஐஸ் உருகறதே கொஞ்சம்தான், குடிச்சு முடிக்கிற வரைக்கும் டம்ளர்ல நிக்கும். சூடான டீல ஐஸைக் கொட்டுறது ஒரு டம்ளர் ரெண்டு டம்ளருக்கு சரி, முப்பது பேருக்கு பண்ணீங்கன்னா ஐஸ் கம்பெனியே வெச்சிருக்கணும்.

இப்ப உங்க வீட்டுக்கு வருவோம். 250 மில்லி டம்ளர்னு வெச்சுக்கங்க, அதுல நூறு கிராம் ஐஸ், 150 மில்லி டீ. முப்பது பேர்ல பாதிப்பேர் ரெண்டாவது டம்ளர் கேப்பாங்க, வெயில் அப்படி, அதனால 45 டம்ளர். டீ ஏழு லிட்டர், டம்ளர்ல போட ஐஸ் நாலரை கிலோ. ஏழு லிட்டரையும் சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ்ல வெக்க முடியாது, சாப்பாட்டு சாமானும் இருக்கும்ல, அதனால டீயை டபுள் ஸ்ட்ராங்கா மூணரை லிட்டர் மட்டும் போட்டு ரெண்டு லிட்டர் பாட்டில் ரெண்டுல ஊத்தி ஃப்ரிட்ஜ்ல வெச்சிருங்க. குடுக்கறப்ப பாதிக்குப் பாதி தண்ணி கலந்துக்கலாம். அந்தத் தண்ணி வெளில இருந்த தண்ணின்னா மொத்தமும் 19, 20 டிகிரிக்கு வந்துரும், அதை திருப்பி ஜில்லுன்னு ஆக்க இன்னும் ஒரு கிலோவுக்கு மேல ஐஸ் வேணும், அது உருகி வர்ற தண்ணியையும் கணக்குல சேத்துக்கிட்டு ரெண்டே கால் லிட்டர் தண்ணி மட்டும் ஊத்துங்க, சரியா வரும். ஆக மொத்தம் ஆறு கிலோ ஐஸ்.

ஐஸ் ட்ரே ஒண்ணுல 300 கிராம் வரும்னு வெச்சுக்கோங்க, ரெண்டு ட்ரே, காலைல மத்தியானம் ராத்திரின்னு மூணு தடவை எடுத்தா ஒரு நாளைக்கு 1800 கிராம். அதாவது மூணு நாள் முன்னாடியே ஆரம்பிச்சா கிட்டத்தட்ட அஞ்சரை கிலோ சேந்துரும், விசேஷத்தன்னிக்கு காலைல எடுக்கறதையும் சேத்தா ஆறு கிலோ. ஒவ்வொரு தடவையும் உறைஞ்சதை தட்டி ஒரு கெட்டிக் கவர்ல போட்டு வாயைக் கட்டி அதே ஃப்ரீசர்ல வையுங்க. சிங்கிள் டோர் ஃப்ரீசர் சின்னது, அதனால பட்டாணி, மீதி மாவு, கறி எல்லாத்தையும் அந்த வாரம் தீத்துருங்க, மீன் வெச்சிருந்தீங்கன்னா கண்டிப்பா எடுத்துட்டு தொடைச்சிருங்க, ஐஸ் வாசனையை நல்லா இழுக்கும். இடம் பத்தலைன்னா எதிர் வீட்டு ஃப்ரீசர்ல நாலு டிபன் பாக்ஸ் தண்ணி ஊத்தி வைக்கச் சொல்லிருங்க. கட்டியா உறைஞ்ச பெரிய ஐஸ் சின்ன க்யூபை விட மெதுவாத்தான் உருகும், அதனால டிபன் பாக்ஸ் ஐஸை பெரிய பாத்திரத்துல டீக்குள்ளயும் ட்ரே க்யூபை டம்ளர்லயும் போடுங்க. அன்னிக்கு காலைல எல்லாத்தையும் ஒரு தெர்மாகோல் பெட்டிக்கு மாத்தி பழைய போர்வை சுத்தி நெழல்ல வெச்சா மத்தியானம் வரைக்கும் தாங்கும்.

இனி டீ. நல்ல இலை டீன்னா 80 கிராம், சாதாரண டீத்தூள்னா 60 கிராம் போதும், தூள் சின்னதா இருக்கறதால சீக்கிரம் இறங்கிரும். நாலு லிட்டர் கிட்ட தண்ணியை நல்லா கொதிக்க விட்டு அடுப்பை அணைச்சிட்டு அப்புறம்தான் டீத்தூளைப் போடணும், மூடி வெக்கணும், தூளுக்கு மூணு நிமிஷம், இலைக்கு அஞ்சு நிமிஷம், உடனே வடிகட்டிரணும். இங்கதான் நம்ம கை பழக்கம் தப்பு பண்ணும். பால் டீக்கு நாம தூளைப் போட்டு தளதளன்னு கொதிக்க விடுவோம், அது பரவால்ல, பால்ல இருக்கற புரதம் அந்தத் துவர்ப்பை புடிச்சு வெச்சுக்கும். பாலே இல்லாத டீல அந்தத் துவர்ப்பு அப்படியே நாக்குல ஒட்டும். வடிகட்டியில தங்கின சக்கையைக் கரண்டியால அழுத்திப் புழியாதீங்க, கடைசிச் சொட்டுலதான் கசப்பு மொத்தமும் இருக்கு.

சர்க்கரை 600 கிராம், ஆனா டீல போட வேணாம். வர்றவங்கள்ல சுகர் இருக்கறவங்க எப்படியும் நாலு பேராவது இருப்பாங்க. சர்க்கரைக்கு சமமா தண்ணி ஊத்தி கரையற வரைக்கும் கொதிக்க விட்டு பாகா தனி ஜக்குல வெச்சிருங்க, வேணுங்கறவங்களுக்கு ரெண்டு மூணு ஸ்பூன் ஊத்திக் கலக்கலாம். ஜில்லுன்னு இருக்கற டீல சர்க்கரையை அப்படியே போட்டா கரைய ரொம்ப நேரம் புடிக்கும், அடியில மணல் மாதிரி நிக்கும். ஜில்லுன்னு இருந்தா நாக்குக்கு இனிப்பும் கம்மியா தெரியும், அதனால சூடா ருசி பாத்து சரியா இருக்குன்னு விட்டுறாதீங்க, ஐஸ் போட்டு ஒரு டம்ளர் குடிச்சுப் பாத்து முடிவு பண்ணுங்க. எலுமிச்சை நடுத்தரமா பதினஞ்சு பழம், டீ நல்லா ஆறினப்புறம் புழியணும், சூட்டுல புழிஞ்சா அந்த வாசனை போயிரும். புழிஞ்சதும் டீ கலர் வெளுக்கும், பயப்படாதீங்க, புளிப்பு பட்டா டீயோட நிறம் அப்படித்தான் மாறும், ஸ்ட்ராங் ஒண்ணும் கொறையல. பித்தளை, அலுமினியப் பாத்திரத்துல எலுமிச்சை கலந்த டீயை வெக்காதீங்க, எவர்சில்வர் போதும்.

ஒண்ணே ஒண்ணு, பொண்ணுக்கு. மாசமா இருக்கறவங்க ஒரு நாளைக்கு காஃபின் 200 மில்லிகிராமுக்குள்ள வெச்சுக்கணும்னுதான் பொதுவா டாக்டருங்க சொல்றாங்க. ஒரு கப் டீல 30லேருந்து 65 மில்லிகிராம் வரைக்கும் இருக்கும். அன்னிக்கு காலைல காபி குடிக்காம இருந்தா ஒரு டம்ளர் குடிக்கலாம், ஆனா அவங்க டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. இல்லன்னா அவளுக்கு மட்டும் அதே பாகு, அதே எலுமிச்சை, புதினா போட்டு டீ இல்லாம ஒரு டம்ளர், கலர் மட்டும்தான் வெளிர்ந்து இருக்கும், அவளை மட்டும் ஒதுக்கின மாதிரி தெரியாது.

ராத்திரி டீ போட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சேன், காலைல எடுத்தா களிமண் கரைச்ச தண்ணி மாதிரி கலங்கி இருந்துச்சு. கெட்டுப் போச்சுன்னு கீழ ஊத்திட்டேன். ஏன் இப்படி ஆச்சு?
– கோயம்புத்தூர் வாசகர்

ஐயோ ஊத்திருக்க வேணாமே! அது கெட்டுப் போகல. டீல இருக்கற காஃபினும் துவர்ப்புப் பொருளும் சூட்டுல தனித்தனியா கரைஞ்சிருக்கும், குளிர்ந்ததும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு கண்ணுக்குத் தெரியற அளவுக்கு துகளாயிரும், டீ தொழில்ல இருக்கறவங்க இதை க்ரீமிங்னு சொல்வாங்க, பால் க்ரீமுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. டீ எவ்ளோ ஸ்ட்ராங்கோ அவ்ளோ கலங்கும். நல்ல அஸ்ஸாம் டீ சூடா குடிக்க பிரமாதம், ஆனா ஃப்ரிட்ஜ்ல வெச்சா மொதல்ல கலங்கறதும் அதுதான்.

அடுத்த தடவை கலங்கினா கொஞ்சம் கொதிக்கற தண்ணியை ஊத்திக் கலக்குங்க, பெரும்பாலும் தெளிஞ்சிரும். கலங்காமலே இருக்கணும்னா சூட்டோட ஃப்ரிட்ஜ்ல தூக்கி வெக்காம மொதல்ல வெளில ஆற விடுங்க, பெரிய அண்டாவுல தண்ணி ஊத்தி அதுக்குள்ள டீ குண்டானை வெச்சா அரை மணி நேரத்துல ஆறிரும், சூடான பாத்திரத்தை உள்ள வெச்சு மத்த சாமானையும் சூடு பண்ண வேணாம்.

இன்னொரு வழி இருக்கு, எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சது. டீயை சூடே பண்ணாம போடுறது. ஒரு லிட்டர் காய்ச்சி ஆற வெச்ச தண்ணி, அதுல 10லேருந்து 12 கிராம் இலை டீ, மூடி போட்டு ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வெச்சு காலைல எட்டு மணி நேரம் கழிச்சு வடிகட்டிருங்க. ஜில்லுன்னு இருக்கற தண்ணில துவர்ப்பும் காஃபினும் கம்மியாத்தான் இறங்கும், அதனால கலங்காது, கசக்கவும் கசக்காது, லேசா தேன் மாதிரி ஒரு இனிப்பு கூட தெரியும். இதுக்கு டீக்கடைத் தூள் சரிப்படாது, அடியில வண்டல் நிக்கும், இலைதான் வேணும். தண்ணி காய்ச்சினதா இருக்கணும்னு ஏன் சொல்றேன்னா இதுல கிருமியைக் கொல்ல சூடுன்னு ஒண்ணு எங்கயுமே இல்ல.

வணக்கம் அக்கா. எங்கட வீட்டில வெறுந்தேத்தண்ணிதான் பழக்கம். மகன்ட பிறந்தநாளுக்கு பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் வருவினம், தேசிக்காய் விட்டு ஐஸ் போட்டுக் குடுக்கலாம் எண்டு யோசிக்கிறன். எந்தத் தேயிலை நல்லது?
– யாழ்ப்பாணத்து வாசகி

பால் இல்லாம தேத்தண்ணி குடிக்கிற பழக்கம் உங்க வீட்ல ஏற்கெனவே இருக்கறது பெரிய சௌகரியம், இங்க பாதிப்பேருக்கு பாலில்லாத டீன்னாலே காய்ச்சல்காரங்க குடிக்கிறதுன்னு நெனைப்பு. உங்க ஊர்ல தேயிலையை உயரம் பாத்துத்தான் பிரிக்கறாங்க, கடல் மட்டத்துலேருந்து 600 மீட்டருக்கு கீழ ஒரு வகை, 600லேருந்து 1200 வரைக்கும் ஒரு வகை, அதுக்கு மேல ஒரு வகை. ஐஸ் போட மேல விளையறதை வாங்குங்க, நுவரெலியாத் தேயிலை கிடைச்சா ரொம்ப நல்லது, நிறம் வெளிர்ந்து இருக்கும், வாசனை தூக்கும், தேசிக்காய்க்கு, அதாவது நம்ம எலுமிச்சைக்கு, அப்படிப் பொருந்தும். கீழ விளையறது கறுப்பா கெட்டியா வரும், அது பால் விட்டுக் குடிக்க நல்லது. பிஓபிஎஃப்னு போட்டிருக்கறது பொடி, மூணு நிமிஷத்துக்கு மேல ஊற விடாதீங்க.

இங்க தமிழ்நாட்டுல இருக்கறவங்களுக்கும் இதே கேள்விக்கு பதில் நீலகிரிதான். குன்னூர், கோத்தகிரி பக்கத்து இலை டீ, குறிப்பா டிசம்பர், ஜனவரி பனில பறிச்சது, ஐஸ் டீக்குன்னே பொறந்த மாதிரி இருக்கும், ஃப்ரிட்ஜ்ல வெச்சாலும் அவ்ளோ லேசுல கலங்காது. வெளிநாட்டுல ஐஸ் டீக்காக நீலகிரி டீயைத் தேடி வாங்கறாங்க, நாம மலையடிவாரத்துல இருந்துக்கிட்டு அதை கொதிக்க வெச்சு பால் ஊத்திடறோமேன்னு எனக்கு ஒரு வருத்தம் உண்டு. கடைல கேக்கறப்ப இலை டீ வேணும், ஆர்த்தடாக்ஸ் வேணும்னு கேளுங்க, உருண்டை உருண்டையா குருணை மாதிரி இருக்கறது சிடிசி, மெஷின்ல நசுக்கி கிழிச்சு சுருட்டினது, அது பால் டீக்கான சரக்கு.

சின்னப் பிள்ளைகளுக்குன்னு சொன்னீங்களே, அவங்களுக்கு ரொம்ப லேசா போடுங்க, டீ கால் பங்கு, தேசிக்காய்த் தண்ணி முக்கால் பங்கு, அதுவும் சாயங்காலத்துக்கு முன்னாடியே குடுத்துருங்க, இல்லன்னா ராத்திரி தூங்க மாட்டாங்க.

எங்க ஊர்ல ஹார்பர் பக்கத்துல ஐஸ் ஃபேக்டரி நெறைய இருக்கு, ஒரு பார் ஐஸ் ரொம்ப சல்லிசு. வீட்ல மூணு நாள் ஐஸ் சேக்கறதுக்கு பதிலா அதை வாங்கி உடைச்சுப் போட்டா என்ன?
– தூத்துக்குடி வாசகர்

வேண்டவே வேண்டாம் அண்ணாச்சி. அது மீனுக்குப் போடுற ஐஸ். எந்தத் தண்ணில உறைய வெச்சாங்க, எந்தத் தரையில இழுத்தாங்க, எந்தச் சாக்குல சுத்தினாங்கன்னு யாருக்கும் தெரியாது, குடிக்கறதுக்குன்னு பண்ணினதே இல்ல அது. ஐஸ் ஆனா கிருமி செத்துரும்னு நெறைய பேர் நம்பறாங்க, அது தப்பு, குளிர்ல கிருமி தூங்கும் அவ்ளோதான், டம்ளர்ல உருகினதும் முழிச்சிக்கும். டீத்தண்ணியை பாத்துப் பாத்து கொதிக்க வெச்சிட்டு அதுல இந்த ஐஸைப் போட்டா கொதிக்க வெச்சதுக்கே அர்த்தம் இல்லாம போயிரும், ஒரே ராத்திரில வந்தவங்க அத்தனை பேருக்கும் வயித்தால போகும்.

அந்த பார் ஐஸை வேற மாதிரி பயன்படுத்தலாம். ஒரு பெரிய அண்டாவுல அதை உடைச்சுப் போட்டு, நடுவுல மூடி இறுக்கமா இருக்கற தூக்குல டீயை ஊத்தி வையுங்க. வெளில இருந்து குளிர வைக்கட்டும், உள்ள ஒரு சொட்டு போகக் கூடாது, தூக்கைத் தொறக்கறதுக்கு முன்னாடி வெளிப்பக்கத்தை சுத்தமான துணியால தொடைச்சிருங்க. டம்ளர்ல போட மட்டும் வீட்ல உறைய வெச்ச ஐஸ், இல்லன்னா கடைல குடிக்கறதுக்குன்னு பாக்கெட் போட்டு சீல் வெச்சு விக்கிற ஐஸ் க்யூப்.

கேன் தண்ணில போட்டா நல்லா இருக்கு, போர் தண்ணில போட்டா மேல எண்ணெய் மாதிரி ஒரு ஆடை படியுது. டீத்தூள் ஒண்ணுதான். ஏன்?
– வாசகி, தாம்பரம்

உப்புத் தண்ணில இருக்கற சுண்ணாம்புச் சத்து டீயோட சேந்து காத்து பட்டதும் அந்த ஆடையைக் கட்டும். எலுமிச்சை சேத்தா கொறையும். ஐஸ் டீ கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணிதானே, டீக்கும் ஐஸுக்கும் ரெண்டுக்குமே நல்ல தண்ணியா எடுங்க, ஐஸை மட்டும் போர் தண்ணில உறைய வெச்சா அது உருக உருக டீ சப்புன்னு ஆயிரும்.

மொட்டை மாடில கண்ணாடி ஜாடில தண்ணியும் டீயும் போட்டு வெயில்லயே நாலு மணி நேரம் வெச்சு எடுக்கற மாதிரி ஒரு வீடியோ பாத்தேன். கேஸ் மிச்சம், சேலம் வெயில் வேற சும்மா கிடக்கு. பண்ணலாமா?
– சேலம் வாசகி

பாக்க அழகா இருக்கும், ஆனா பண்ணாதீங்கம்மா. வெயில்ல வெச்ச ஜாடித் தண்ணி எவ்ளோ காஞ்சாலும் 50, 55 டிகிரிக்கு மேல போறது கஷ்டம். கிருமி சாகற சூடு அது இல்ல, அது பெருகறதுக்குத் தோதான சூட்டுல மணிக்கணக்கா வெச்சிருக்கோம். அமெரிக்காவுல இது ரொம்பப் பேர் பண்ணிட்டிருந்த பழக்கம்தான், இப்ப அங்கயே வேணாம்னுதான் சொல்றாங்க. கேஸ் மிச்சம் பண்ணணும்னா மேல கோயம்புத்தூர்க்காரருக்கு சொன்ன மாதிரி ஃப்ரிட்ஜ்ல ஊற வையுங்க. ஜாடில கொழகொழன்னு நூல் மாதிரி எதாச்சும் தெரிஞ்சா ருசி கூட பாக்காம கொட்டிருங்க. சாதாரணமா போட்ட டீயும் வெளில நாலஞ்சு மணி நேரத்துக்கு மேல வேணாம், ஃப்ரிட்ஜ்லன்னா ரெண்டு நாள்.

எங்க வீட்ல எல்லாருக்கும் பால் இல்லாம இறங்காது. ஐஸ் டீல எலுமிச்சையும் போட்டு கொஞ்சம் பாலும் ஊத்தினேன், திரிஞ்சு போச்சு. பால் ஊத்தி ஐஸ் டீ போடவே முடியாதா?
– மதுரை வாசகி

முடியும், எலுமிச்சையை விட்டுட்டா முடியும். பால் திரியறது புளிப்பாலதான், பன்னீர் எடுக்கறப்ப நாம வேணும்னே பண்றதை நீங்க டம்ளருக்குள்ள பண்ணிட்டீங்க. பால் ஐஸ் டீக்கு கதையே தலைகீழ். இலை டீ வேணாம், நம்ம சாதாரண சிடிசி தூளே போதும், டிகாஷன் கெட்டியா இறங்கணும், ஒரு லிட்டர் தண்ணிக்கு 40 கிராம் வரைக்கும் போடலாம், ரெண்டு ஏலக்காயும் தட்டிப் போட்டு இதை மட்டும் ரெண்டு நிமிஷம் கொதிக்கவே விடலாம். சூட்டுலயே சர்க்கரை கரைச்சு வடிகட்டி ஆற வெச்சு, காய்ச்சி ஜில்லுன்னு ஆக்கின பாலை அரைப் பங்குக்கு ஊத்துங்க. கலங்குமோன்னு கவலையும் இல்ல, பால் எல்லாத்தையும் மறைச்சிரும். ஐஸ் உருகி பால் தண்ணியாகறதுதான் இதுல தொந்தரவு, அதுக்கு அதே டிகாஷன்ல கொஞ்சத்தை ட்ரேல ஊத்தி உறைய வெச்சு அந்த டீ ஐஸையே போட்டுருங்க, உருக உருக ஸ்ட்ராங்தான் ஏறும். ஜிகர்தண்டா ஊர்ல இருக்கீங்க, ஊற வெச்ச பாதாம் பிசின் ஒரு ஸ்பூன் அடியில போட்டுப் பாருங்க, வர்றவங்க என்ன ஏதுன்னு கேக்காம போக மாட்டாங்க.

ஐஸ் டீயைக் கண்டுபிடிச்சது யார்? எங்க மிஸ் கேட்டாங்க.
– எட்டாம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்

இவர்தான்னு ஒருத்தரைக் கை காட்ட முடியாதுடா கண்ணு. 1904ல அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ்ல நடந்த உலகக் கண்காட்சில ரிச்சர்ட் பிளெச்சிண்டன்ங்கறவர் இந்திய டீயை அங்க பழக்கப்படுத்தப் போயிருந்தார், வெயில் கொளுத்தினதால சூடான டீயை யாரும் சீண்டல, ஐஸ் போட்டுக் குடுத்தார், கூட்டம் அள்ளிச்சுன்னு கதை. ஐஸ் டீ ஊர் ஊரா பரவினதுக்கு அது காரணம்னு சொல்லலாம், ஆனா கண்டுபிடிச்சது அவர் இல்ல, 1879லயே வந்த ஒரு வெர்ஜீனியா சமையல் புத்தகத்துல ஐஸ் டீ செய்முறை இருக்கு. மிஸ்கிட்ட ரெண்டு வருஷத்தையும் சொல்லு.

எனக்கு ரத்தம் கம்மின்னு மாத்திரை குடுத்திருக்காங்க. வெயிலுக்கு தினமும் சாப்பாட்டோட ஒரு பெரிய டம்ளர் ஐஸ் டீ குடிக்கிறேன். குடிக்கலாமா?
– திருச்சி வாசகி

சாப்பாட்டோட வேணாம்மா. கீரை, பருப்புல இருக்கற இரும்புச் சத்து ஒடம்புல சேர விடாம டீயோட துவர்ப்பு தடுக்கும், மாத்திரைக்கும் அதேதான். 2024ல ஐசிஎம்ஆர்ங்கற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் குடுத்த உணவு வழிகாட்டில கூட சாப்பிடறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியும் சாப்பிட்டு ஒரு மணி நேரம் வரைக்கும் டீ, காபி வேணாம்னு சொல்லிருக்காங்க. சாப்பாட்டு நேரத்துக்கு வெறும் எலுமிச்சை ஜூஸ் குடிங்க, அது இரும்புச் சத்து சேர ஒத்தாசை பண்ணும். ஐஸ் டீயை நாலு மணிக்கு வெச்சுக்கங்க, ஒரு டம்ளர்.

அளவு முக்கியம்னு எல்லாருக்குமே சொல்றேன். 2015ல டாக்டருங்க ஒரு மருத்துவ இதழ்ல எழுதினது இது: அமெரிக்காவுல ஆர்கன்சாஸ்ல 56 வயசுக்காரர் ஒருத்தருக்கு கிட்னி செயலிழந்து போச்சு, காரணம் தேடினா தினமும் பதினாறு டம்ளர் ஐஸ் டீ குடிச்சிட்டு இருந்திருக்கார், டீல இருக்கற ஆக்ஸலேட்ங்கற உப்பு கிட்னில படிஞ்சு போச்சு. ஒரு டம்ளர் ரெண்டு டம்ளர் குடிக்கிறவங்க பயப்பட வேணாம், ஆனா கிட்னில கல் வந்தவங்க டாக்டரைக் கேக்காம தினமும் குடிக்காதீங்க.

எங்க கிராமத்துல மத்தியானம் ஆனா கரண்ட் போயிரும், ஃப்ரிட்ஜும் கெடையாது. சித்திரையில மாமியார் வீட்டு ஆளுங்க பத்துப் பேர் வர்றாங்க. எங்களுக்கு எதாச்சும் வழி இருக்கா அக்கா?
– திருவண்ணாமலை மாவட்டத்துலேருந்து ஒரு தங்கச்சி

ஏன் இல்லாம! உங்க பக்கம் வறண்ட காத்து, அதுல மண்பானை நல்லா வேலை செய்யும், பானை வெளில கசிஞ்சு ஆவியாகற தண்ணி உள்ள இருக்கற சூட்டை இழுத்துட்டுப் போயிரும். புதுப் பானைன்னா மொதல்ல ரெண்டு மூணு நாள் தண்ணி ஊத்தி ஊத்திக் கொட்டி மண் வாசனையை எடுத்துருங்க. தண்ணியை காய்ச்சி ஆற வெச்சு ராத்திரியே பானைல ஊத்தி மணல் மேல, காத்து வர்ற எடத்துல வெச்சு ஈரத்துணி சுத்திருங்க. டீயை பானைல ஊத்தாதீங்க, மண்ணுல ஏறின டீ வாசனை போகவே போகாது. காலைல டீயை மட்டும் கெட்டியா ஒரு லிட்டர் போட்டு, 25 கிராம் தூள் போதும், தூக்குல ஊத்தி கெணத்துத் தண்ணி நிரப்பின பக்கெட்ல வையுங்க, தண்ணி சூடேறினா மாத்திட்டே இருங்க. ஆளுங்க வந்ததும் டீ ஒரு பங்கு, பானைத் தண்ணி ஒண்ணரைப் பங்கு.

ஐஸ் டீ அளவுக்குப் பல்லு கூசாது, ஆனா வெயில்ல நடந்து வந்தவங்களுக்கு பானைக் குளிர்ச்சியே தொண்டைக்கு இதமா இருக்கும். சர்க்கரைப் பாகுக்கு பதிலா நன்னாரி சர்பத் ஊத்துங்க, டம்ளருக்கு ரெண்டு ஸ்பூன், அரை மூடி எலுமிச்சை. நன்னாரியும் டீயும் இவ்ளோ சேரும்னு நான் தெரியாமத்தான் கலந்தேன், இப்ப எங்க வீட்ல அது இல்லாம ஐஸ் டீ கெடையாது. சப்ஜா விதை அரை மணி நேரம் முன்னாடி ஊற வெச்சு ஒரு ஸ்பூன். புதினா இருந்தா உள்ளங்கைல வெச்சு ஒரு தட்டு தட்டிப் போடுங்க, கொதிக்க விடாதீங்க, கீரை வாசனை வந்துரும். சித்திரையில உங்க பக்கம் நுங்கு வரும், எளசா பாத்து தோல் உரிச்சு சின்னச் சின்னதா நறுக்கி டம்ளருக்கு ரெண்டு துண்டு அடியில போட்டுருங்க, பாக்க ஐஸ் க்யூப் மாதிரியே இருக்கும், ஆனா மெதக்காம உள்ள கிடக்கும், குடிச்சு முடிக்கறப்ப வாய்க்கு வரும். பத்துப் பேருக்கு பன்னெண்டு நுங்கு வாங்குங்க, நறுக்கறப்ப பசங்க ரெண்டை எடுத்துட்டுப் போயிருவாங்க.